மே/பா

போகுமுன் அமலோற்பவம்
தன் அடையாள அட்டையைத் திருப்பிக் காட்டினாள்.
பின்புறத்தில் என் பிளாக், என் மாடி, என் அஞ்சல் குறியீடு.
ஈசூன் காவல் சாவடியில் ஒட்டித் தந்த வெள்ளைத் துண்டுத்தாள்.
"இனி நானும் இங்கேதான்" என்றாள்
இந்த வீட்டில் ஓர் இரவும் தூங்காதவள்.
வாடகையாக
ஒரு டப்பா அன்னாசி டார்ட்.

கடைசிப் பேருந்தைப் பணிமனையில் விட்டுவிட்டு
நான் வரும் நேரத்தில்
கீழ்த்தளத்து அஞ்சல் பெட்டிகள் மட்டும் விழித்திருக்கும்.
எங்கள் பெட்டிக்கு நேர்கீழே ஒரு பூனை.
(எங்கள் என்று எப்போதிருந்து சொல்கிறேன்?)
என் பெயருக்கு வருவது மின்கட்டணம்,
நகர மன்றத்தின் நினைவூட்டல்.
அவளுக்கு வருவதைத்தான் கடிதம் என்று சொல்லலாம்.
பல் மருத்துவர் அவளைத் தேடுகிறார்,
என்றோ ஒருமுறை போன செருப்புக்கடை
பிறந்தநாள் வாழ்த்துகிறது.
உறையின் சன்னல் சிறியது, அவள் பெயர் நீளம்.
அமலோற்ப வரைக்கும்தான் அரசாங்கத்துக்குத் தெரியும்.
மீதி வம்
உள்ளே இருட்டில் கிடக்கும்.

தேர்தலுக்கு இரண்டு வாக்காளர் அட்டைகள்.
ஒரே பள்ளிக்கூடம், ஒரே வரிசை.
எனக்குப் பின்னால்
ஓர் ஆள் இடம் விட்டு நின்றேன்.
ஒரு சீனத் தாத்தா வந்து அதை நிரப்பினார்.
அப்புறம், ஏன் வாக்களிக்கவில்லை என்று கேட்டு
ஓர் உறை.
"படம் எடுத்து அனுப்பு" என்றாள், அனுப்பினேன்.
எல்லாவற்றையும் திறப்பேன், படமெடுப்பேன்,
மீ கோரெங் அட்டைப்பெட்டியில் போடுவேன்.

மருத்துவமனையிலிருந்து தடித்த உறை ஒன்று வந்தது.
"அதை மட்டும் திறக்காதே."
திறக்கவில்லை.
சமையலறைக் குழல்விளக்கில் பிடித்துப் பார்த்தேன்,
பொய் சொல்வானேன்.
உட்புறம் நீலக் கட்டம் கட்டமாய் அச்சடித்த தாள்,
எழுத்தெல்லாம் அதற்குப் பின்னால்.
மறுநாள் மருத்துவமனை நிறுத்தத்தில்
யாரும் மணி அடிக்காமலே நிறுத்தினேன்.
கதவு திறந்தது.
ஒருவரும் இறங்கவில்லை, ஒருவரும் ஏறவில்லை.
கண்ணாடியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அஞ்சலட்டைகளை அவள் தனக்கே எழுதிக்கொள்வாள்.
பெறுநர் அமலோற்பவம்,
மே/பா என்று போட்டு என் பெயர்.
"அமலு, ஓஷ் சந்தையில் தர்பூசணி கொள்ளை மலிவு.
முழுசாக வாங்கிவிட்டு, தூக்க முடியாமல்
விற்றவனுக்கே பாதியைக் கொடுத்தேன்."
மின்தூக்கி பதினோராம் மாடிக்குப் போவதற்குள்
ஓர் அட்டையைப் படித்து முடிக்கலாம்.
மூடாத கடிதம்தானே.
மேற்பார்வை என்றால்
மேலே மேலே பார்ப்பது என்றுதான் வைத்திருந்தேன்.

ஐந்தாவது அட்டை மழையில் நனைந்து வந்தது.
"அமலு, அந்த உறையைப் பற்றி இவள் கேட்கவே மாட்டாள்.
விளக்கில் பிடித்துப் பார்த்திருப்பாள்,
அப்புறம் நாலு நாள் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டாள்.
நீயே சொல்லிவிடு.
அதில் இருப்பது போன வருடமே தெரியும்.
தெரிந்துதான் கிளம்பினேன்.
டார்ட் தீர்ந்திருந்தால்
டப்பாவைக் கழுவி வைக்கச் சொல்."

பதினொன்றில் கதவு திறந்து, மூடிக்கொண்டது.
கீழே போய்
யாரோ ஒருவரின் மளிகைப் பைகளோடு
மறுபடி மேலே வந்தேன்.

கைப்பேசியில் மூன்று முறை தட்டச்சு செய்து அழித்தேன்.
அட்டைக்கு அட்டையில்தான் பதில் சொல்ல வேண்டும் போலிருந்தது.
ஆனால் எந்த ஊருக்கு?
அவளுக்கு இருக்கும் ஒரே முகவரியில்
நான் நின்றுகொண்டிருந்தேன்.

அதற்கே எழுதினேன்.
டப்பா கழுவியாகிவிட்டது என்று,
பூனை குட்டி போட்டிருக்கிறது என்று,
திட்ட வேண்டியதையும் கொஞ்சம்.
அஞ்சலட்டை போதவில்லை, உறையில் வைத்தேன்.
பெயரை விட்டுவிடாமல் முழுசாக எழுதி
எதிர் பிளாக் அஞ்சல் பெட்டியில் போட்டேன்.
வந்து சேர
இரண்டு நாள் ஆகும்.